டிஸ்னியும் பிக்ஸாரும்: ஒரு பங்காளிச் சண்டை

டாய் ஸ்டோரி என்ற அனிமேஷன் படத்தை எடுத்த பிக்ஸாரையும், அதை வெளியிட்ட டிஸ்னியையும் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியில் இரண்டு பாதி இருக்கிறது. "பத்து வருஷத்துக்கு மேல் பிக்ஸார் எடுத்த படங்களை எல்லாம் டிஸ்னிதானே வெளியிட்டது, அப்புறம் எதற்கு 740 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கினார்கள்?" என்பது முதல் பாதி. "டாய் ஸ்டோரி மூன்றாம் பாகத்தை பிக்ஸார் இல்லாமலே எடுக்கப் பார்த்தார்களாமே, நிஜமா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். படத்தை உழைத்து எடுத்தவர் ஒருவர், படத்தில் வரும் பொம்மைகள் எழுத்துப்படி இன்னொருவருக்குச் சொந்தம் என்றால், அப்படிப்பட்ட கூட்டு எத்தனை நாள் தாங்கும்?

என்னைப் பற்றி ஒரு வரி. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு அனிமேஷன் செய்துகொடுக்கும் இடங்களில் பதினெட்டு வருஷமாக புரொடக்‌ஷன் பக்கம் இருக்கிறேன். ஷாட் எண்ணுவது, தேதி துரத்துவது, ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வது, இதுதான் பிழைப்பு. வக்கீலும் இல்லை, டிஸ்னியின் போர்டு ரூமில் உட்கார்ந்தவனும் இல்லை. அதனால் ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் தேதிகளும் தொகைகளும் பெரும்பாலும் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்கப்பட்டவை, கோர்ட்டில் பதிவானவை, அல்லது சம்பந்தப்பட்ட இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்பவை. யார் யார் மேல் கோபத்தில் என்ன செய்தார்கள் என்பது அவரவர் பிற்பாடு சொன்ன கதை. அப்படிப்பட்ட இடம் வரும்போது சொல்கிறேன்.

இவர்கள் நண்பர்களா எதிரிகளா என்றால், நம் ஊரில் இதற்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது: பங்காளி. நல்லது கெட்டது என்றால் முதலில் வந்து நிற்பவரும் அவர்தான், வரப்பு ஒரு அடி தள்ளிப்போனதற்குக் கோர்ட்டுக்குப் போகிறவரும் அவர்தான். இவர்கள் கதையும் அப்படித்தான், ஒரே வீட்டில் ஆரம்பிக்கிறது. பிக்ஸாரின் முதல் படத்தை இயக்கிய ஜான் லாஸெட்டர் டிஸ்னியில் அனிமேட்டராக இருந்தவர். கம்ப்யூட்டரில் படம் எடுக்கலாம் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை போயிற்று. ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ்ஃபிலிமில் எட் கேட்மல் நடத்திய கம்ப்யூட்டர் பிரிவில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பிரிவைத்தான் 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, மேலும் 50 லட்சத்தை முதலாகப் போட்டு பிக்ஸார் என்ற தனிக் கம்பெனியாக்கினார். அப்போது அவர்கள் விற்றது படங்களை இல்லை, ஒரு மிஷினை. பிக்ஸார் இமேஜ் கம்ப்யூட்டர் என்று பெயர், விலை லட்சம் டாலருக்கு மேல். வியாபாரம் படுத்தே கிடந்தது. வாங்கிய சிலரில் முக்கியமானவர், வேறு யார், டிஸ்னி. கையால் வரைந்த படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வண்ணம் போடும் கேப்ஸ் என்ற முறையை இருவரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். 1990-ல் வந்த தி ரெஸ்க்யூவர்ஸ் டௌன் அண்டர் முழுக்க அந்த முறையில் செய்யப்பட்ட முதல் படம். ஆக, கூட்டுப் படம் என்ற பேச்சு வருவதற்கு முன்பே ஒருவர் சமையலறையில் இன்னொருவர் நுழைந்தாயிற்று.

1991 மே மாதம் மூன்று படங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது டிஸ்னி ஸ்டூடியோவின் தலைவர் ஜெஃப்ரி கட்ஸன்பெர்க். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார். அதற்குள் ஜாப்ஸ் கிட்டத்தட்ட 5 கோடி டாலரைப் பிக்ஸாரில் கொட்டி முடித்திருந்தார், திரும்பி வந்தது ஒன்றுமில்லை. அந்த நிலையில் பேரம் பேசினால் எப்படி இருக்கும்? படமும் பாத்திரங்களும் டிஸ்னிக்குச் சொந்தம். கதையில் கடைசி வார்த்தை டிஸ்னியுடையது. பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே நிறுத்திவிடலாம். அடுத்த பாகம் எடுக்க வேண்டுமானால் பிக்ஸாரோடும் எடுக்கலாம், பிக்ஸார் இல்லாமலும் எடுக்கலாம். பிக்ஸாருக்கு வருவாயில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் ஒரு பங்கு. ஜாப்ஸ் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: தொழில்நுட்பத்தைக் கொடுக்க மாட்டேன் என்றார், கொடுக்கவில்லை. வயலை எழுதிக்கொடுத்துவிட்டுக் கிணற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்ட மாதிரி.

1993 நவம்பர் 19 அன்று டாய் ஸ்டோரியின் பாதிக் கதையை ரீலாகப் போட்டுக் காட்டினார்கள். படு மோசம். வுடி என்ற அந்தக் கௌபாய் பொம்மை மற்ற பொம்மைகளை மிரட்டி வேலை வாங்கும் முரடனாக இருந்தது. பஸ் என்ற விண்வெளி வீரன் பொம்மையை வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே தள்ளியது. டிஸ்னி அன்றே தயாரிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டது. இதுவரை உறுதி. "கதைக்கு முனை வேண்டும், காரம் வேண்டும் என்று கட்ஸன்பெர்க் சொல்லிச் சொல்லித்தான் வுடி அப்படி ஆனான்" என்பது பிக்ஸார் பக்கத்துக் கதை. நான் அதைப் பாதிதான் நம்புவேன். யார் குறிப்பு கொடுத்தாலும் வரைந்தவர்கள் இவர்கள்தானே. எப்படியோ, மூன்றே மாதத்தில் கதையைத் திருத்திக்கொண்டு போனார்கள், வேலை மறுபடி ஆரம்பித்தது.

1995 நவம்பர் 22 அன்று படம் வெளியானது. சரியாக ஒரு வாரம் கழித்து, 29-ம் தேதி, பிக்ஸார் பங்குச்சந்தைக்கு வந்தது. 22 டாலருக்குக் கொடுத்த பங்கு அன்று மாலை 39 டாலரில் நின்றது. கம்பெனிக்குச் சுமார் 14 கோடி டாலர் கிடைத்தது. ஜாப்ஸ் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய வியாபார மூளை தெரிகிறது. படத்தின் செலவில் பாதியைப் போடக் கையில் பணம் இருக்கிறவர், லாபத்திலும் பாதி கேட்கலாம் இல்லையா? 1991 ஒப்பந்தப்படி இன்னும் இரண்டு படம் பாக்கி இருந்தும், பழைய தாளைக் கிழித்துப் புதிதாகப் பேச டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் ஒத்துக்கொண்டார். பேசாமல் விட்டால் மூன்றாவது படம் முடிந்ததும் பிக்ஸார் வேறு வீட்டுக்குப் போய் எதிரே கடை போட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியும். 1997 பிப்ரவரியில் வந்த புது ஒப்பந்தம்: பத்து வருஷத்தில் ஐந்து புதுப் படங்கள், செலவு பாதி பாதி, லாபம் பாதி பாதி, போஸ்டரில் இரண்டு பெயரும் ஒரே அளவில். டிஸ்னி விநியோகக் கட்டணத்தை முதலில் தனியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பாதி சரிபாதி இல்லை. அதோடு அடுத்த பாகங்களின் பிடி டிஸ்னியிடமே இருந்தது. எடுக்கும் வாய்ப்பு முதலில் பிக்ஸாருக்கு. அவர்கள் வேண்டாம் என்றால் டிஸ்னியே எடுத்துக்கொள்ளலாம்.

வெடி அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. டாய் ஸ்டோரி 2 முதலில் நேரடியாக வீடியோவில் விடுவதற்கான சின்னப் படம். பார்க்க நன்றாக வந்ததால் தியேட்டருக்கு மாற்றினார்கள். பிறகு பிக்ஸாரின் முக்கிய ஆட்கள் பார்த்துவிட்டுக் கதை சரியில்லை என்று சொல்ல, ஒன்பது மாதத்தில் கிட்டத்தட்ட முழுப் படத்தையும் திரும்பச் செய்தார்கள். (இதற்கு முன் ஒரு முறை யாரோ தவறான கட்டளை கொடுத்துப் படத்தின் ஃபைல்கள் சர்வரிலிருந்து அழிந்துபோய், பேக்கப்பும் வேலை செய்யாமல், குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு டெக்னிக்கல் டைரக்டரின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் காப்பாற்றியது. எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் முதல் பேய்க் கதை இது.) ஆட்கள் தூங்காமல் உழைத்தார்கள், கை மணிக்கட்டு போனவர்கள் உண்டு. 1999-ல் வெளியாகி உலகம் முழுக்க 50 கோடி டாலரை நெருங்கியது. இப்போது கணக்கு பாருங்கள் என்றது பிக்ஸார்: ஐந்தில் ஒன்று முடிந்தது. முடியவில்லை என்றது டிஸ்னி. ஒப்பந்தத்தில் இருப்பது ஐந்து "புதுப்" படங்கள். இது இரண்டாம் பாகம், கணக்கில் வராது.

எழுத்துப்படி டிஸ்னி சொன்னது சரி. ஆனாலும் அந்த இடத்தில்தான் இந்தக் கூட்டு மனதளவில் முறிந்தது என்பது என் கணிப்பு. என் அனுபவம் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். நான் முன்பு இருந்த ஒரு ஸ்டூடியோவில் (பெயர் வேண்டாம்) வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைச் செய்தோம். எங்கள் தவறைத் திருத்தினால் இலவசம், அவர்கள் மனம் மாறித் திருத்தச் சொன்னால் ரீடேக், அதற்குத் தனிக் காசு என்று ஒப்பந்தம். எது தவறு, எது மனமாற்றம் என்று முடிவு செய்வது யார்? ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: வாடிக்கையாளர். ஒரு ஆடு காகிதத்தை மெல்லும் நாலு விநாடி ஷாட். காது கொஞ்சம் மேலே, காது கொஞ்சம் கீழே, மெல்லும் வேகம் குறைவு, ஆட்டுக்கு இன்னும் சந்தோஷம் வேண்டும். ஏழாவது வெர்ஷன் வரை போனது, ஏழும் "எங்கள் தவறு" என்று பதிவானது. அந்த சூப்பர்வைசர் நேரில் வந்தபோது எங்களோடு உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டார், அனிமேட்டர்களின் பெயரை எல்லாம் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார், நல்ல மனிதர். சண்டை அத்தனையும் மெயிலில், அந்த ஒரு வரியின் மேல்தான். பிக்ஸாரில் படம் வரைந்தவர்களும் டிஸ்னியில் படம் வரைந்தவர்களும் கடைசி வரை ஒருவருக்கொருவர் மரியாதையோடுதான் இருந்தார்கள் என்று படிக்கும்போது எனக்கு ஆச்சரியமே வருவதில்லை.

நடுவில் கட்ஸன்பெர்க் திரும்ப வருகிறார். 1994-ல் டிஸ்னியின் இரண்டாவது நாற்காலி தனக்குக் கிடைக்காததால் வெளியேறி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபனோடு சேர்ந்து ட்ரீம்வொர்க்ஸை ஆரம்பித்தார். 1998-ல் பிக்ஸார் எறும்புகளை வைத்து எ பக்ஸ் லைஃப் எடுத்து நவம்பரில் வெளியிட இருந்தது. ட்ரீம்வொர்க்ஸ் எறும்புகளை வைத்து ஆன்ட்ஸ் எடுத்தது. அடுத்த மார்ச்சில் வரவேண்டிய படத்தை முன்னே இழுத்து அக்டோபரிலேயே இறக்கியது. தான் கட்ஸன்பெர்க்கிடம் நம்பிச் சொன்ன கதை திருட்டுப்போனது என்பது லாஸெட்டரின் வாதம். எறும்பு யோசனை தங்கள் ஆளிடம் 1991-லிருந்தே இருந்தது என்பது எதிர்த்தரப்பு. இதில் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். எறும்பு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த பிராணி இல்லை. தேதியை முன்னே இழுத்தது மட்டும் தற்செயல் என்று எந்த புரொடக்‌ஷன் ஆளும் நம்ப மாட்டான். படம் முடியும் தேதியை ஐந்து மாதம் முன்னால் கொண்டுவருவதற்கு எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமைகள் போகும் என்று எங்களுக்குத் தெரியும். வசூலில் பிக்ஸார் படம் இரண்டு மடங்கு ஜெயித்தது, சுமார் 36 கோடிக்கு 17 கோடி. 2002-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் முதல் முறையாகக் கொடுக்கப்பட்டபோது அது ட்ரீம்வொர்க்ஸின் ஷ்ரெக்குக்குப் போனது, தோற்றது பிக்ஸாரின் மான்ஸ்டர்ஸ் இங்க். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது.

டிஸ்னி பக்கம் வருவோம். 2002-ல் ஐஸ்னர் தன் போர்டுக்கு ஒரு மெயில் எழுதினார். பிக்ஸாரின் ஃபைண்டிங் நீமோவை முடியாத நிலையில் பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் இவர்களுடைய முந்தைய படங்கள் மாதிரி இல்லை, இது அவர்களைத் தரைக்குக் கொண்டுவரும் என்கிற பொருளில். அது பத்திரிகைக்குக் கசிந்தது. நீமோ 2003-ல் வந்து 80 கோடி டாலரைத் தாண்டி, ஆஸ்கரும் வாங்கியது. டிஸ்னியின் சொந்தத் தயாரிப்பான ட்ரெஷர் பிளானெட் அதற்கு முந்தைய வருஷம்தான் செலவைக்கூட எடுக்காமல் கவிழ்ந்திருந்தது. இந்த நேரத்தில் ஜாப்ஸ் வைத்த கோரிக்கை: இனி படங்கள் எங்களுக்குச் சொந்தம், செலவும் எங்களுடையது, நீங்கள் வெளியிட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பதின்மூன்று வருஷத்துக்கு முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நேர்த் தலைகீழ். 2004 ஜனவரியில் பேச்சை முறித்துக்கொண்டு, வேறு விநியோகஸ்தரைத் தேடுகிறோம் என்று பிக்ஸார் அறிவித்தது. ஐஸ்னரின் பதில், சர்க்கிள் 7 என்ற புது ஸ்டூடியோ. பிக்ஸார் படங்களின் அடுத்த பாகங்களை பிக்ஸார் இல்லாமல் எடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே உங்கள் இரண்டாவது பாதிக்குப் பதில்: நிஜம், வதந்தி இல்லை. ஆட்களை எடுத்தார்கள், கதை எழுதினார்கள். பேரத்தில் மிரட்டுவதற்காகவா, நிஜமாகவே எடுக்கவா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். மிரட்டலுக்கு மட்டும் யாரும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை.

அந்த மார்ச்சில் நடந்த கூட்டத்தில் பங்குதாரர்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஐஸ்னருக்கு வாக்களிக்க மறுத்தார்கள். வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னி முன்னின்று நடத்திய எதிர்ப்பு அது. 2005 அக்டோபரில் பாப் ஐகர் தலைவரானார். அதற்குச் சில வாரம் முன்பு ஹாங்காங் டிஸ்னிலேண்ட் திறப்பு விழா ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடந்த பத்து வருஷத்தில் பிறந்த பாத்திரங்கள் என்று போகிறவை எல்லாமே பிக்ஸாருடையவை என்று தனக்கு உறைத்தது என அவரே பல முறை சொல்லியிருக்கிறார். உங்கள் முதல் பாதிக்கான பதில் இந்த ஊர்வலத்தில் இருக்கிறது. டிஸ்னிக்குப் படம் என்பது ஆரம்பம் மட்டும்தான். பொம்மை, பை, பிஸ்கட் டப்பா, பார்க்கில் ராட்டினம், ஹோட்டல் என்று ஒரு பாத்திரத்தை முப்பது வருஷம் விற்கிற கம்பெனி அது. புதுப் பாத்திரம் வரும் ஊற்று இன்னொருவன் தோட்டத்தில் இருக்கிறது, அவனும் கதவைச் சாத்தப்போகிறான் என்றால், தோட்டத்தோடு வாங்குவதைத் தவிர வழி குறைவு. 2006 ஜனவரி 24 அன்று அறிவித்தார்கள், மே மாதம் முடிந்தது. ரொக்கம் கிடையாது. ஒரு பிக்ஸார் பங்குக்கு 2.3 டிஸ்னி பங்கு. அதனால் ஜாப்ஸ் டிஸ்னியின் மிகப்பெரிய தனிநபர் பங்குதாரராகி போர்டிலும் உட்கார்ந்தார். கேட்மலும் லாஸெட்டரும் இரண்டு ஸ்டூடியோக்களுக்கும் தலைமை ஏற்றார்கள். டிஸ்னி பிக்ஸாரை வாங்கியதா, பிக்ஸார் டிஸ்னியின் பணத்தை வைத்து டிஸ்னியின் அனிமேஷனை வாங்கியதா என்று அப்போதே கிண்டல் உண்டு. விலை அதிகம் என்றவர்களும் நிறைய பேர். ஃப்ரோஸன் மாதிரி படங்கள் டிஸ்னியின் சொந்த ஸ்டூடியோவிலிருந்தே பின்னால் வந்ததைப் பார்த்தால், வாங்கியதில் பாதி அந்த இருவரின் நிர்வாகம்தான் என்று எனக்குத் தோன்றும். நிரூபிக்க முடியாத கருத்து, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கினால் எல்லாம் இப்படி முடியும் என்றும் இல்லை. ஐஸ் ஏஜ் எடுத்த ப்ளூ ஸ்கை என்ற அனிமேஷன் ஸ்டூடியோ ஃபாக்ஸிடம் இருந்தது. 2019-ல் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது, 2021 ஏப்ரலில் ப்ளூ ஸ்கையை மூடியது. அங்கே பாதியில் நின்ற நிமோனா என்ற படம் வேறு கைக்குப் போய் 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கூட்டு எல்லாம் பத்து வருஷம் ஓடும் என்றும் இல்லை. இங்கிலாந்தின் அனிமேஷன் ஸ்டூடியோவான ஆர்ட்மன், ட்ரீம்வொர்க்ஸோடு ஐந்து படத்துக்குக் கையெழுத்திட்டு, மூன்றோடு 2007-ல் கையைக் கழுவியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிரியா நண்பனா என்ற கேள்விக்கு என்னைப் போன்ற கூலிக்காரர்களுக்குத் தெரிந்த பதில் இதுதான். 2010-ல் அமெரிக்க நீதித்துறை லூகாஸ்ஃபிலிம் மேல் ஒரு வழக்கு போட்டது. அதன்படி லூகாஸ்ஃபிலிமும் பிக்ஸாரும் ஒருவர் ஆளை இன்னொருவர் தாமாகக் கூப்பிடுவதில்லை, அப்படி யாருக்காவது வேலை கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிப்பது, முதலில் சொன்ன சம்பளத்துக்கு மேல் ஏற்றிப் பேசுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். பிறகு 2014-ல் அனிமேஷன் கலைஞர்களே வழக்கு போட்டார்கள், இந்த முறை டிஸ்னி, ட்ரீம்வொர்க்ஸ், சோனி, ப்ளூ ஸ்கை எல்லோர் மேலும். தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசமாக டிஸ்னி தரப்பு 10 கோடி டாலரும், ட்ரீம்வொர்க்ஸ் 5 கோடியும், சோனி 1.3 கோடியும், ப்ளூ ஸ்கை ஏறக்குறைய 60 லட்சமும் கொடுத்தன. எறும்புக்காக அவ்வளவு சண்டை போட்டவர்களின் பெயர்கள், எறும்பை வரைந்தவர்களின் சம்பள வழக்கில் ஒரே பக்கத்தில் இருந்தன. நம் ஊரிலும் ஒரு முறை நான் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள், நான் சேரவிருந்த இடத்து எச்.ஆர். என் மேனேஜரிடம் பேசி முடித்திருந்தார். சம்பளம் அப்புறம் இரண்டாயிரம் குறைந்தது.

கடைசியாக டாய் ஸ்டோரி 3. 2006-ல் கம்பெனியை வாங்கியதும் சர்க்கிள் 7-ஐ மூடினார்கள், அங்கிருந்தவர்களில் பெரும்பாலோரை டிஸ்னியின் அனிமேஷன் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர்கள் எழுதிய கதையில் பஸ் பொம்மை பழுதாகிப்போக, தயாரித்த தைவான் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பப்படுகிறது, மற்ற பொம்மைகள் மீட்கப் போகின்றன. பிக்ஸார் ஆட்கள் அந்தக் கதையைத் தொடாமல் புதிதாக எழுதி 2010-ல் வெளியிட்டார்கள். 100 கோடி டாலர் வசூலித்த முதல் அனிமேஷன் படம் அதுதான்.